உதிர்ந்துபோன ஒரு சொல்

காலாண்டுத் தேர்வின் வரலாற்று விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தாள் ஒன்றின் இடுக்கிலிருந்து உள்ளங்கை அளவே உள்ள அட்டை ஒன்று நழுவி விழுந்தது. இளஞ்சிவப்பு நிறம், மூலையில் சிறு சிலுவை. மணநாள் வரையில் உடலையும் உள்ளத்தையும் தூய்மையாகக் காப்பதாக ஆண்டவருக்கும், பெற்றோருக்கும், வரப்போகும் கணவருக்கும் வாக்களிக்கும் வாசகம். கீழே பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கையொப்பம்.

ஜவ்வாது மலையில் ஆசிரியையாக இருக்கின்றேன். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு வளைந்து வளைந்து ஏறும் பேருந்தில் முதன்முறை வந்தபோது, கைப்பெட்டியில் துணிகளைவிடப் புத்தகங்களே மிகுதி. சமவெளிக் கல்லூரியில் பட்டிமன்றம் பேசிக் கைதட்டல் வாங்கியவள் நான். மலைமக்களின் மடமையை ஓராண்டில் ஓட்டிவிடலாம் என்று எண்ணியவளும் நானே! அந்த மிடுக்கில்தான், மறுநாள் வகுப்பில் அட்டையை உயர்த்திப் பிடித்து, "ஆண்டவர் இந்தக் கணக்கையெல்லாம்கூடவா எழுதி வைக்கின்றார்?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. அதுவரை ஓயாமல் கேள்வி கேட்ட பெண், அன்றோடு வாயை மூடிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து அவள் இடம் காலியாக இருந்தது. "அவளுக்குப் பரியம் போட்டுட்டாங்க டீச்சர்" என்றாள் பக்கத்தில் அமர்பவள். வயது பதினாறு!

மலையாளிப் பழங்குடி மக்களிடையே மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொடுப்பது பரியம். கைம்பெண் மறுமணம் புரியத் தடையில்லை. ஒத்துவராத மணத்தை ஊரார் கூடி முறித்துவிடுவதும் உண்டு. வரதட்சணைக்குக் கைநீட்டும் நம் சமவெளி நாகரிகம் இவர்களிடம் பாடம் கேட்க வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் வயது? அங்கேதான் இடறுகின்றது வழக்கம்.

அன்று மாலையே அவள் குக்கிராமத்திற்கு நடந்தேன். சாமை அறுப்புக் காலம். பாறைமேல் கதிர் காய்ந்துகொண்டிருந்தது; அவள் குச்சியோடு கோழி விரட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் சம்மதத்தைக் கேட்டார்களா அம்மா?"

"அதெல்லாம் யாரும் கேக்கல டீச்சர். கல்யாணம் வரைக்கும்னுதானே எழுதிக் குடுத்தேன்? அதைக் காப்பாத்திட்டேன். இனிமே அந்த வாக்கு முடிஞ்சிரும், இல்ல?"

நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். பட்டிமன்றத்தில் எனக்கு அப்படி ஒருபோதும் நேர்ந்ததில்லை.

அந்த அட்டை எங்கே பிறந்தது? அமெரிக்காவின் தென்பகுதியில், டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில். 1993இல் தென்னகப் பாப்டிஸ்டு சபையார், 'மெய்க்காதல் காத்திருக்கும்' என்னும் பொருள்படும் பெயரில் இளைஞரிடையே இவ்வியக்கத்தைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு சூலையில், வாஷிங்டன் நகரின் நடுத்திடலில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட அட்டைகள் புல்வெளியில் நட்டு வைக்கப்பட்டன. காட்சி பெரிதுதான், பயன்? பியர்மன், புரூக்னர் என்னும் இரு சமூகவியலார் 2001இல் வெளியிட்ட ஆய்வை நேர்மையோடு சொல்ல வேண்டும்: வாக்களித்தோர் சராசரியாகப் பதினெட்டு மாதம் தாமதித்தனர். ஆனால் பள்ளியில் வாக்களித்தோர் சிறு கூட்டமாக இருந்தவரையில்தான் அது பலித்தது. எல்லோரும் வாக்களித்துவிட்டால் தனிப் பெருமை ஏது? அதனினும் கொடியது ஒன்று: வாக்கை மீறியோர், கருத்தடைச் சாதனத்தைப் பயன்படுத்தியது மற்றவரைவிடக் குறைவு. தடுமாறவே மாட்டோம் என்று சத்தியம் செய்தவர் ஊன்றுகோல் வாங்கி வைத்துக்கொள்வாரோ? 2009இல் வெளிவந்த ரோசன்பாம் அம்மையாரின் ஆய்வு இன்னும் தெளிவானது. ஒத்த பின்னணியுடைய இளைஞர்களை எடுத்துக்கொண்டு, வாக்களித்தவரையும் அளிக்காதவரையும் ஐந்தாண்டு கழித்து ஒப்பிட்டார். நடத்தையில் வேறுபாடு இல்லை. வாக்களித்தவருள் 100க்கு 82 பேர், தாம் அப்படி ஒரு வாக்கே அளிக்கவில்லை என்றனர்!

ஆனால் தோழர்களே, என்னை உறுத்தியது இந்தக் கணக்கு அன்று. அமெரிக்க மூல அட்டையில், ஆண்டவர், குடும்பம், நண்பர், வருங்காலத் துணை என்ற வரிசையில் 'எனக்கும்' என்றொரு சொல் உண்டு. தனக்குத்தானே அளித்துக்கொள்ளும் வாக்காகவும் அதனை எழுதியிருந்தனர். என் மாணவியின் அட்டையில் அச்சொல் இல்லை. கடல் கடந்து, மொழி மாறி, மலையேறி வருவதற்குள் அது எங்கோ உதிர்ந்துவிட்டது. யார் உதிர்த்தாரோ! எஞ்சி நின்றவை ஆண்டவர், பெற்றோர், கணவர். உடலுக்குரியவளைத் தவிர உரிமையாளர் அனைவரும் அதில் இருந்தனர். காதலனிடம் 'மாட்டேன்' என்று சொல்லக் கற்றுக்கொடுத்த அட்டை, பதினாறு வயதில் மணவறையில் அமர்த்துவோரிடம் 'மாட்டேன்' என்று சொல்ல ஓர் எழுத்தும் கற்றுக்கொடுக்கவில்லை.

இதைக் கிறித்தவர்மேல் மட்டும் ஏற்றிவிட்டுக் கைகழுவ நமக்கு உரிமை உண்டா? 2005இல் நடிகை குஷ்பு, மணமாகும் பெண் கன்னியாகவே இருக்க வேண்டும் என்று படித்த ஆண்மகன் எதிர்பார்க்கலாகாது என்றும், பெண்கள் கருவும் நோயும் வராமல் காத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஓர் இதழில் சொன்னார். உடனே தமிழ்ப் பண்பாடு கெட்டதென்று செருப்பும் துடைப்பமும் தூக்கினோர் தேவாலயத்தாரா? தமிழ் முழக்கமிட்ட நம்மவர் அல்லரோ? அவர்மீது தொடுக்கப்பட்ட குற்றப் புகார்கள் 23. அத்தனையையும் உச்சநீதிமன்றம் 2010இல் தள்ளுபடி செய்தது. பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் முதற்கட்டுரையே கற்பைப் பற்றியதுதான். அலமாரியில் அந்நூலை வைத்துக்கொண்டே துடைப்பத்தையும் தூக்கலாம்போலும்.

மறுநாள் அச்சபையின் உபதேசியாரைக் காணச் சென்றேன். சண்டைக்கே சென்றேன் என்று ஒப்புக்கொள்கின்றேன். நரைத்த மனிதர், முற்றத்தில் பலாக்கன்றுக்கு முள்வேலி கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தப் பெண்ணிடம் வாக்கு வாங்கினீர்களே, அவள் தகப்பனாரிடம் ஒரு வாக்கு வாங்கக்கூடாதா? பதினெட்டு முடியும்வரை பொறுங்கள் என்று?"

"அட்டை கீழிருந்து அச்சாகி வந்தது டீச்சரம்மா. அப்பனுக்குன்னு அதுல இடம் இல்ல." சற்றுப் பொறுத்து, "வயசாகாத பிள்ளைக்கு எங்க கோயில்ல கல்யாணம் எழுத மாட்டோம். வீட்டுலயே வச்சுக்குவாங்க. நான் கேட்டா வருத்தப்படுவாங்கன்னு கேக்கல" என்றார்.

பின்பு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளைகளுக்கு உடம்பைப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்ல. நாங்க சொன்னது தப்பா இருக்கலாம். நீங்க என்ன சொன்னீங்க டீச்சரம்மா?"

சுருக்கென்று தைத்தது. இனப்பெருக்கப் பாடத்தை 'நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' என்று தாண்டிப் போகும் ஆசிரியர்களை நானும் கண்டிருக்கின்றேன், கண்டும் வாளாவிருந்திருக்கின்றேன். 2007இல் மராட்டியம், கருநாடகம் முதலிய மாநிலங்கள் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தையே தடுத்து நிறுத்தின. காவலூரில் 1986 முதல் பெருந்தொலைநோக்கி ஒன்று இதே மலைத்தொடரிலிருந்து விண்மீன்களை ஆராய்கின்றது. அடிவாரத்திலும் உச்சியிலும் வாழும் பெண்பிள்ளைக்கோ தன் உடலே தொலைதூரத்து விண்மீன்!

எஞ்சியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். 1098க்குத் தொலைபேசியில் சொன்னேன். சமூகநலத் துறை அதிகாரிகள் வந்தனர். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தை எடுத்துரைத்தனர். தகப்பனார் முதலில் கத்தினார். பரியப் பணத்தில் பாதி கடனுக்குப் போய்விட்டது என்று பிறகு அழுதார். பதினெட்டு முடியும்வரை மணமில்லை என்று எழுதிக் கைநாட்டு வைத்தார். சாட்சிக் கையொப்பம் இட்டவர் அந்த உபதேசியார். மாப்பிள்ளை வீட்டாரிடம் தவணை கேட்கப் போனவரும் அவரே. நான் போயிருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பர்.

அவள் திரும்பி வந்துவிட்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் இப்போது மாதம் ஒருமுறை வந்து, அந்தத் தாண்டிப்போன பாடத்தைப் பெண்களுக்குச் சொல்லித் தருகின்றார். ஆண்பிள்ளைகளுக்குச் சொல்ல ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

அட்டை என் மேசை இழுப்பறையில் இருக்கின்றது. அவள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. சென்ற வாரம் அவளைத் தனியே அழைத்து, அன்று நான் செய்தது தவறு என்றேன். "பரவாயில்ல டீச்சர்" என்று தரையைப் பார்த்தாள். கேலி செய்தது நாற்பது பேர் முன்னிலையில். மன்னிப்பு கேட்டது பூட்டிய நூலக அறையில். திங்கட்கிழமை முதற்பாடவேளை அவர்கள் வகுப்பு எனக்கு.