அணையாத கணப்பு

மழை பெய்யும் நவம்பர் பிற்பகல். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி சிவப்புத் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு, ஜன்னல் மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பறவைகள் பற்றிய புத்தகம் ஒன்றைப் புரட்டுகிறாள். மனம் பறவைகளில் இல்லை. வடதுருவப் பனிக் கரைகளில் அலைகிறது. மாமி வீட்டில் அண்டி வாழும் அநாதை அவள். அவளது தனிமையைச் சொல்ல அந்தப் பனியே போதும்.

1847இல் ஷார்லட் பிராண்ட்டி 'கரர் பெல்' என்ற புனைபெயரில் வெளியிட்ட 'ஜேன் அயர்' நாவலின் தொடக்கம் இது. நெருப்பும் பனியும் கடைசிவரை ஜேனை விடுவதில்லை. அழகோ பணமோ இல்லாத பெண் தன் ஆசையை வெளியே சொல்ல முடியாத காலம். அவள் சொல்லாததை இவை சொல்கின்றன.

மாமி மகன் அதே புத்தகத்தை அவள்மேல் எறிகிறான். திருப்பித் தாக்கிய குற்றத்துக்காகச் சிவப்பு அறையில் அடைக்கப்படுகிறாள். கம்பளம் சிவப்பு, கட்டில் திரை சிவப்பு. ஆனால் கணப்பில் தீ மூட்டுவது அபூர்வம். அறை சில்லிட்டுக் கிடக்கிறது. நெருப்பின் நிறம் உண்டு, சூடு இல்லை. மாமியின் வீடும் அப்படித்தான்.

அடுத்தது லோவுட் பள்ளி. காலையில் முகம் கழுவும் தண்ணீர் உறைந்திருக்கும். பெரிய பெண்கள் கணப்பைச் சூழ்ந்துகொள்ள, சிறியவர்கள் பின்னால் நடுங்குவார்கள்.

பதினெட்டு வயதில் தார்ன்ஃபீல்டு மாளிகைக்கு வீட்டு ஆசிரியையாகப் போகிறாள். ஓரிரவு எஜமானர் ராச்செஸ்டரின் கட்டில் தீப்பிடிக்கிறது. தண்ணீர் ஊற்றி அணைப்பவள் ஜேன். அன்றிரவு அவளுக்குத் தூக்கமில்லை. அணைத்த தீ வேறிடத்தில் பற்றிக்கொண்டது வாசகருக்குப் புரிகிறது.

கோடை இரவில், செஸ்ட்நட் மரத்தடியில், ராச்செஸ்டர் அவளை மணக்கக் கேட்கிறார். சம்மதிக்கிறாள். அதே இரவு மின்னல் தாக்கி மரம் பிளக்கிறது. அவருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பது திருமண நாளன்றுதான் தெரிகிறது. ஜேன் அழுது புலம்புவதில்லை. நடுக்கோடையில் மார்கழிப் பனி இறங்கி, பழங்களையும் பயிர்களையும் கருக்கிவிட்டதாக அவளுக்குத் தோன்றுகிறது. அவ்வளவுதான். யாருக்கும் சொல்லாமல் வெளியேறுகிறாள்.

அடைக்கலம் தந்த பாதிரியார் செயின்ட் ஜான், அத்தை மகன் என்று பிறகு தெரிகிறது. பளிங்கும் பனியுமாக வருணிக்கப்படும் மனிதர். இந்தியாவுக்கு ஊழியம் செய்யப் போகும் அவர், ஜேனுக்கு இந்துஸ்தானி கற்பித்து, மனைவியாக வரச் சொல்கிறார். உதவியாளராக வரத் தயார், மனைவியாக முடியாது என்கிறாள். அவரை மணந்தால் தன்னுள் எரியும் தீயை வாழ்நாள் முழுக்க அடக்கிவைக்க வேண்டும். அது உள்ளேயே தன்னைத் தின்றுவிடும் என்று அஞ்சுகிறாள். வெப்ப நாட்டுக்கு அழைத்தவரிடம் அவள் கண்டது குளிர்.

தார்ன்ஃபீல்டு எரிந்துபோகிறது. மனைவி இறந்துவிட, ஒரு கையையும் பார்வையையும் இழந்த ராச்செஸ்டரிடம் ஜேன் திரும்புகிறாள். மின்னல் விழுந்த அந்த மரம்தான் தானும் என்கிறார் அவர். ஜேன் ஒப்பவில்லை. நீங்கள் பட்டமரம் அல்ல, பசுமையானவர். கேட்டாலும் கேட்காவிட்டாலும் உங்கள் வேரைச் சுற்றிச் செடிகள் முளைக்கும் என்கிறாள்.

அதுவரை காட்சிகள் ஜேனுக்காகப் பேசின. இங்கே ஓர் உவமையை அவளே வாய்திறந்து திருத்துகிறாள். தன் ஆசையை இனி அவள் மறைக்க வேண்டியதில்லை.