திண்டுக்கல்லுக்கு எத்தனை மணி நேரம்?

எங்க ஊர்ல ஏர்போர்ட் கிடையாது. மதுரை அறுபத்தஞ்சு கிலோமீட்டர், திருச்சி நூறு. "அமெரிக்கா எவ்ளோ தூரம் தம்பி?"ன்னு கேட்பாங்க. கிலோமீட்டர்ல சொன்னா, "அது கிடக்கட்டும், எத்தனை மணி நேரம்?"னு அடுத்த கேள்வி வரும். இந்த விஷயத்துல திண்டுக்கல்காரங்க ரொம்பத் தெளிவு :-)

இருந்தாலும் இன்ஜினியர் புத்தி போகுமா, கிலோமீட்டரும் சொல்லிடறேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூர் சுமார் 13,990 கி.மீ. அட்லஸைப் பார்த்தால் பசிபிக்கைக் குறுக்கே தாண்டணும்னு தோணும். உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடிச்சுப் பாருங்க. அலாஸ்கா, சைபீரியான்னு 71 டிகிரி வரை வடக்கே ஏறித்தான் கீழே இறங்கும். 2021 ஜனவரி 9, சனிக்கிழமை ராத்திரி ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம் அங்கிருந்து கிளம்பி, திங்கள் விடிகாலைதான் பெங்களூரில் இறங்கியது. 17 மணி நேரத்துக்கு மேல். ஓட்டியவர்கள் அத்தனை பேரும் பெண்கள்.

சரி, இறங்கியாச்சு. அப்புறம்? ஏர்போர்ட் இருப்பது ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில். நமக்குப் போக வேண்டியது தெற்கே. பெங்களூரைத் தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், கரூர்... எட்டு மணி நேரம் ஆயிடும்.

சிங்கப்பூர் வழி வேற கணக்கு. சான் பிரான்சிஸ்கோ-சிங்கப்பூர் கிட்டத்தட்ட 13,600, அங்கிருந்து திருச்சி 3,000. ஆக 2,600 கி.மீ. அதிகம். ஆனா 17 மணி, காத்திருக்க மூணு, திருச்சிக்கு நாலு, இமிக்ரேஷன் ஒண்ணு, மணப்பாறை வழியா வீட்டுக்கு ரெண்டுன்னு கூட்டினா 27. பெங்களூர் வழியும் அதே சுமார்தான். என்னைக் கேட்டா, அசந்து போய் இறங்கறவனுக்கு ரோட்டுல ரெண்டு மணி நேரம்தான் தாங்கும்.

இந்தக் கணக்கெல்லாம் சும்மா போட்டதில்லை. போன மாசியில் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அப்பத்தா இறந்துட்டாங்க. எனக்கு அப்போ விடிகாலை நாலரை. அப்பா போனில் அழவே இல்லை. "நெய்ப்பந்தம் நீதான் பிடிக்கணும். எத்தனை மணிக்கு வருவ, அதை மட்டும் சொல்லு"ன்னார். பின்னாடி பெரியவங்க குரல் கேட்குது. "நாளைக்கே எடுத்திரலாம்"னு ஒருத்தர், "பேரன் வரட்டும்"னு ஒருத்தர். ஐஸ் பெட்டிக்கு ஆள் போயாச்சு.

காலை விமானத்துல சிங்கப்பூர் வழியா டிக்கெட் கிடைச்சதும் திருப்பிக் கூப்பிட்டேன். "திங்கள் நடுராத்திரி தாண்டி ரெண்டு மணிக்கு வீட்ல இருப்பேன்." செவ்வாய் காலைன்னு முடிவாச்சு.

பதினேழு மணி நேரமும் முன் சீட்டுத் திரையில் அந்தக் குட்டி விமானத்தையே பார்த்துக்கிட்டு வந்தேன். மணிக்கு எண்ணூத்துச் சொச்சம் கிலோமீட்டர் வேகம்னு காட்டுது, படம் நகரவே மாட்டேங்குது. வையம்பட்டி, அய்யலூர், வடமதுரை தாண்டி வீட்டு வாசலில் இறங்கும்போது ரெண்டேகால். பந்தலில் நாலைஞ்சு பேர் நாற்காலியிலேயே தூங்கிட்டிருந்தாங்க. பெட்டிக் கண்ணாடியில் ஈரம் படிஞ்சிருந்தது. அம்மா துடைச்சு விட்டாங்க, முகம் தெரிஞ்சது.

துபாய் அத்தை பையன் முந்தின நாளே வந்து சேர்ந்திருந்தான். அவனுக்கு மதுரை நாலு மணி நேரம்தான். பந்தத்துக்குத் துணி சுத்தி, நெய் வாங்கி எல்லாம் தயாரா வெச்சிருந்தான்.