டிரையத்லான்ல துணி மாத்துறது எப்படி?

டிரையத்லான்னா மூணு விளையாட்டுன்னு தான் எல்லாரும் சொல்லுவாங்க. நீச்சல், சைக்கிள், ஓட்டம். ஆனா கடிகாரம் நாலாவதா ஒண்ணையும் எண்ணுது. தண்ணியில இருந்து வெளிய வந்து சைக்கிள் ஏறுற வரைக்கும் ஆகுற நேரம் டி-ஒன். சைக்கிளை மாட்டிட்டு ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் ஆகுறது டி-டூ. நீங்க நிதானமா உக்காந்து சாக்ஸ் போட்டாலும் சரி, வாழைப்பழம் உரிச்சுத் தின்னாலும் சரி, கடிகாரம் நிக்காது.

போன கோடையில என்னோட முதல் போட்டி. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஸ்பிரிண்ட்னு பேரு (பேரைப் பாத்து ஏமாறாதீங்க). முடிவுப் பட்டியல்ல எனக்கு மேல ஒரு அம்மா. வயசுப் பிரிவு 60-64. நீச்சல்ல என்னை விட ஒரு நிமிஷம் மெதுவு. சைக்கிள்ல ரெண்டு பேரும் ஒண்ணு தான். ஓட்டத்துல ஒன்றரை நிமிஷம் மெதுவு. ஆனா மொத்தத்துல எனக்கு ஒன்றரை நிமிஷம் முன்னாடி! அது எப்படின்னு நோண்டிப் பாத்தா, டி-ஒன், டி-டூ ரெண்டும் சேத்து அவங்களுக்கு 2 நிமிஷம் 50 நொடி. எனக்கு 6 நிமிஷம் 50 நொடி.

நாலு நிமிஷம்ங்க. அதை ஓட்டத்துல பிடிக்கணும்னா கிலோமீட்டருக்கு 48 நொடி குறைக்கணும். நீச்சல்ல பிடிக்கணும்னா ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 32 நொடி. எனக்கு அது ஒரு வருஷத்துல நடக்கிற காரியம் இல்ல. காசு குடுத்து வாங்கலாம்னா, கார்பன் சைக்கிள் விலை என்னோட பல மாச வாடகை. துணி மாத்துற நேரத்தைக் குறைக்க மட்டும் தான் ஒரு டாலரும் செலவு இல்ல. அதனால இந்த வருஷம் இதுலயே இறங்கிட்டேன்.

பெரிய ஆளுங்களுக்கு இது நொடிக்கணக்கு. ஒலிம்பிக்ல டி-ஒன் ஒரு நிமிஷத்தை ஒட்டி முடிஞ்சிடும், டி-டூ அரை நிமிஷத்தை ஒட்டி. 2012 லண்டன்ல பெண்கள் போட்டியில சுவிட்சர்லாந்தோட நிக்கோலா ஸ்பிரிக், ஸ்வீடனோட லிசா நோர்டன் ரெண்டு பேரும் 1:59:48. போட்டோ பாத்துத் தான் ஸ்பிரிக்குக்குத் தங்கம்னு முடிவு பண்ணாங்க. ரெண்டு மணி நேரம் உழைச்சு அப்படி முடியுதுன்னா, ஹெல்மெட் கொக்கி ஒரு தடவை சறுக்கினாலே கதை மாறியிருக்கும். அதே லண்டன்ல ஜோனதன் பிரவுன்லீ, சைக்கிள்ல ஏறலாம்னு போட்டிருக்கிற கோட்டுக்கு முன்னாடியே ஏறிட்டாருன்னு 15 நொடி தண்டனை. ஓட்டத்துக்கு நடுவுல போய் நின்னு அனுபவிச்சுட்டு, அப்புறமும் வெண்கலம் வாங்கினார். மனுஷன்!

மாறுறதைப் பத்தி டோர்செட் பார்க்ல இருக்கவங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்ல. 2023 ஜூலை 24ல எல்ஸ்மியர் ஸ்டேஷன் பக்கம் ஆர்.டி. ரயிலோட கடைசிப் பெட்டி தடம் புரண்டுச்சு. அதுக்கப்புறம் அந்த லைனைத் திறக்கவே இல்ல. கென்னடி ஸ்டேஷன் வரைக்கும் பஸ், அங்க இறங்கி சப்வே. வண்டி எவ்வளவு வேகமாப் போகுதுங்கிறதை விட, இறங்கி ஏறுறதுக்கு எவ்வளவு ஆகுதுங்கிறது தான் வகுப்புக்கு நேரத்துக்குப் போவோமான்னு தீர்மானிக்குது.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் குடியிருக்கிற பேஸ்மெண்ட் வீட்டு டிரைவ்வே தான் பயிற்சி மைதானம். ஒரு டவல், மேல சைக்கிள், ஹெல்மெட், ஷூ. வெட்சூட் மாட்டிக்கிட்டு, தோட்டத்துக் குழாயில தலையில இருந்து கால் வரைக்கும் நனைஞ்சுட்டு ஆரம்பிப்பேன். நனையாமப் பண்ணினா பிரயோஜனமே இல்ல. காஞ்ச வெட்சூட் காலைக் கவ்விப் பிடிக்கும். உள்ள தண்ணி இருந்தா வழுக்கிக்கிட்டு வந்திடும். ஓடிக்கிட்டே ஜிப்பைப் பிரிச்சு இடுப்பு வரைக்கும் இறக்கிடணும். டவல்கிட்ட வந்ததும் கீழ தள்ளி, ஒரு காலால மிதிச்சு இன்னொரு காலை உருவணும். கணுக்கால்ல தான் சிக்கும். அங்க முன்னாடியே கொஞ்சம் வழுக்கல் தடவி வெச்சா நல்லது.

வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாள் ஜன்னல் வழியாப் பாத்துட்டு வெளிய வந்தார். "தம்பி, என்ன செய்யிறீர்? குளிக்கிறதெண்டால் உள்ள குளிக்கலாம் தானே?" விளக்கினேன். முழுசாக் கேட்டுட்டு, "உதுக்கு நீந்தத் தெரிய வேணுமெல்லோ முதல்ல" அப்படின்னார். அப்புறம் பாக்கு நீரிணையை நீந்தின நவரத்தினசாமி, ஆனந்தன் கதையெல்லாம் ஆரம்பிச்சுட்டார். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1984ல ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் உயிரை விட்டதைச் சொல்லும்போது அங்கிள் குரல் கம்மிடுச்சு. நான் குழாயை மூடிட்டுக் கேட்டுக்கிட்டு நின்னேன். அன்னிக்குப் பயிற்சி அவ்வளவு தான்.

மறுநாள்ல இருந்து அவரே போன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சுக்கிட்டு நிக்கிறார் :-)

வேகமா கை ஆட்டினா நேரம் குறையும்னு நினைச்சா அது வேலைக்கு ஆகாது. நேரம் போறதே அடுத்து என்னன்னு யோசிக்கிறதுல தான். ரொம்ப நேரம் படுத்தவாக்குல நீந்திட்டுத் திடீர்னு எழுந்து ஓடினா தலை கிறுகிறுன்னு வரும், ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிடும். கடைசி 50 மீட்டர்ல காலை நல்லா உதைச்சு நீந்தினா கொஞ்சம் பரவாயில்ல. அந்தக் கிறுகிறுப்புல மூளையை நம்பக் கூடாது, கை தானா செய்யணும். என் வரிசை இது தான்: வெட்சூட், ஹெல்மெட், ஷூ, சைக்கிள். ஹெல்மெட் கொக்கி மாட்டாம சைக்கிளைத் தொடக் கூடாதுங்கிறது விதி. திரும்பி வந்ததும் சைக்கிளைக் கம்பியில மாட்டின பிறகு தான் கொக்கியைக் கழட்டணும். நூத்துக்கணக்கான சைக்கிள் நடுவுல நம்மளுது எங்கன்னு தெரியணும். அதுக்கு நீச்சல்ல இருந்து வர்ற வாசல்ல நின்னு வரிசை எண்ணி வெச்சுக்கணும், அப்புறம் கல்யாண வீட்டுல கண்ணைப் பறிக்கிற மாதிரி கலர்ல ஒரு டவல்.

ஷூ விஷயத்துல நான் ஏழைகளோட கட்சி. பெடல்ல மாட்டுற தனி ஷூ வாங்கல. ஓடுற ஷூவுலயே சைக்கிளும் ஓட்டுறேன். 20 கிலோமீட்டர்ல அதனால கொஞ்சம் போகும், ஆனா டி-டூவுல ஷூ மாத்துற வேலையே இல்ல. கயிறுக்குப் பதிலா எலாஸ்டிக் லேஸ், உள்ள பவுடர், சாக்ஸ் கிடையாது. நம்பர் கட்டுற பெல்ட்டை ஓடிக்கிட்டே மாட்டிக்கலாம்.

பெரியவங்க ஷூவை முன்னாடியே பெடல்ல மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டு நேரா நிறுத்தி, வெறுங்காலோட ஓடிவந்து தாவி ஏறுவாங்க. பாக்க அழகு. கனடாவோட சைமன் விட்ஃபீல்ட் 2000 சிட்னியில, ஒலிம்பிக்ல டிரையத்லான் முதல் முதலா வந்தப்போ, பின்னால இருந்து வந்து தங்கம் ஜெயிச்ச ஆளு. 2008 பெய்ஜிங்ல வெள்ளி. அவரே 2012 லண்டன்ல சைக்கிள் கட்டம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல விழுந்து, காறை எலும்பு முறிஞ்சு வெளிய போனார். அவ்வளவு அனுபவம் இருந்தும் அந்த முதல் சில நிமிஷம் யாரையும் விடாது. நான் கோட்டைத் தாண்டி, நின்னு, காலைப் போட்டு ஏறுறேன். மூணு நாலு நொடி போனாப் போகுது. எலும்பு முறிஞ்சா மாணவர் இன்சூரன்ஸ் பாத்துக்கும், தீசிஸை யார் பாத்துக்குவாங்க?

போன வாரம் அங்கிள் கணக்குப்படி டி-ஒன் 1 நிமிஷம் 12 நொடி, டி-டூ 38 நொடி. டிரைவ்வேல தான். நிஜப் போட்டியில ஏரிக்கரையில இருந்து ஓடி வர்ற தூரம் தனியா இருக்கு. அது எவ்வளவுன்னு போட்டிக்கு முந்தின நாள் போய் நடந்து பாக்கணும். அங்கிளும் வர்றேன்னு சொல்லியிருக்கார்.