கவிழ்ந்த பிறை

மூட்டை தூக்குகிறவர்களைப் பற்றி எழுதத்தான் கோவில்பட்டிக்குப் போனேன். கடைசியில் ஒரே ஒருவரின் மணிக்கட்டுக்குப் பின்னாலேயே அலைந்தேன்.

உளுந்து லோடு ஏற்றிய லாரியின் உச்சியிலிருந்து தவறியவர், உள்ளங்கையை ஊன்றி விழுந்திருக்கிறார். கோடைக் கரிசல் காய்ந்துவிட்டால் கல்தான். மணிக்கட்டு புசுபுசுவென்று வீங்கியது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு வழித்தார்கள். பிறகு ஓரிடத்தில் நேராக ஒரு எக்ஸ்ரே எடுத்து, முறிவு இல்லையென்று அனுப்பிவிட்டார்கள். வழித்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரிடம் படம் இல்லை. படம் எடுக்கிற வசதி இருந்தும் பக்கவாட்டில் ஒன்று எடுக்காமல் விட்டதுதான் இன்னும் ஆறவில்லை.

பன்னிரண்டாம் நாள், கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போன பிறகு, திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனோம்.

"முழங்கையை மடக்கி, சுண்டுவிரல் பக்கம் அடியில வர்ற மாதிரி வைங்க அண்ணாச்சி" என்றார் எக்ஸ்ரே எடுக்கும் தம்பி. முதல் படத்தை அவரே ஒதுக்கினார். கை நூலளவு திரும்பினாலும் எலும்புகள் ஒன்றையொன்று மறைத்துவிடுமாம். மறுபடி எடுத்தார்.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். நடுவிலிருப்பது பிறைபோல் வளைந்தது. லத்தீனிலும் நிலவின் பெயர்தான் அதற்கு. பக்கவாட்டில் பார்த்தால் கிண்ணம்போல் நிமிர்ந்து, மேலே உள்ள எலும்பின் தலையை ஏந்தியிருக்க வேண்டும். இவருடைய கிண்ணம் தேநீரைக் கொட்டியதுபோல் உள்ளங்கைப் பக்கம் கவிழ்ந்து, அங்கே ஓடும் நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. மரத்த விரல்களுக்கு அதுவே காரணம். 1993இல் வெளியான ஓர் ஆய்வு இவ்வகைக் காயங்கள் 166ஐத் தொகுத்துப் பார்த்தது. நாலில் ஒன்று முதலில் தவறவிடப்பட்டிருந்தது.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1971இல் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். கையை மட்டுமே படித்த மருத்துவர்கள் ஏன் தேவை என்பது எனக்கு இவருக்கு அறுவை நடந்த அரங்கின் வாசலில் நின்றபோதுதான் உறைத்தது.

வெளியே வந்த மருத்துவர் தாளில் வரைந்தே காட்டினார். முன்பக்கம் கீறி நரம்புக்கு இடம்விட்டு, பிறையை அதன் குழிக்குள் அமர்த்தினார்கள். புறங்கைப் பக்கமும் திறந்து, கிழிந்த ஜவ்வைத் தைத்தார்கள். தையல் பிடிக்கும்வரை எலும்புகள் அசையாதிருக்க, மெல்லிய கம்பிகளைக் குறுக்கே செலுத்தினார்கள். "எலும்பு உடனே உக்காந்துரும். ஜவ்வு சேரத்தான் நாளாகும்" என்றார்.

எட்டு வாரம் கழித்துக் கம்பிகளை உருவினார்கள். அதற்குப் பின் ஒருநாள் வீட்டுக்குப் போயிருந்தேன். பந்தைப் பிசைந்து பழகிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு பாதிதான் மடங்கியது. அவர் மனைவி கண்ணை மூடச் சொல்லி, விரல்நுனியில் ஒரு மணியை வைத்தார்.

வெகுநேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "உளுந்து" என்றார்.

பாசிப்பயறு. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுத்த மணியை எடுத்து வைத்தார்.