கூடம் கோணல்தான் சார்!

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று ஒரு பழமொழி. சொன்னவர் யாரோ, அந்தக் கூடத்தில் ஒரு தடவை ரசமட்டம் வைத்துப் பார்த்திருக்கலாம். நிஜமாகவே கோணலாக இருந்திருந்தால்? பாவம், அந்தப் பெண்மணிக்குப் பேர் கெட்டதுதான் மிச்சம்!

பூல் ஆடப் போகிற இளைஞர்களுக்கு இந்தச் சந்தேகம் அவசியம் வரவேண்டும்.

பூல் தெரியும்தானே? துணி போர்த்திய மேஜை, ஆறு பொந்து, கலர் கலராகப் பந்துகள், கையில் ஒரு நீளக் கழி. கழிக்குப் பெயர் க்யூ. அதன் நுனியில் 12, 13 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு தோல் வட்டம் ஒட்டியிருக்கும். அதுதான் டிப். பந்தின் மேல் அது படுகிற நேரம், ஒரு விநாடியை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஏறக்குறைய ஒரு கூறு. அதற்குள் பந்தைப் பிடித்து, சுழற்றி அனுப்ப வேண்டும். நம்மில் யாருக்கும் இவ்வளவு டென்ஷனான உத்தியோகம் கிடையாது.

இந்தத் தோல் நுனியைப் பிரபலப்படுத்தியவர் பிரான்சுவா மிங்கோ என்ற பிரெஞ்சு ராணுவ கேப்டன். ஜெயிலில் இருந்தபோது பில்லியர்ட்ஸ் பழகி, டிப்பைச் செம்மைப்படுத்திக்கொண்டு 1807-ல் வெளியே வந்தார் என்கிறார்கள். நம்மிடமும் ஒரு பெருமை உண்டு. ஸ்நூக்கர் பிறந்தது 1875-ல் ஜபல்பூரில். அதன் விதிகளை எழுதி மாட்டியது ஊட்டி கிளப்பில். ஆட்டத்தோடு கிளப்புகளில் மார்க்கர் என்ற உத்தியோகமும் வந்தது. ஸ்கோர் பார்ப்பது, பந்து அடுக்குவது, டிப் மாற்றுவது எல்லாம் அவர்தான்.

எங்கள் பேட்டையில் மாடியில் ஒரு பூல் பார்லர். அங்கேயும் ஒரு மார்க்கர் அண்ணன் இருக்கிறார். அவரிடம்தான் பக்கத்து போர்ஷன் தம்பியை அழைத்துப் போனேன்.

தம்பி வெளியூர். ஆடிட்டர் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவன். சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் கூட்டத்தோடு பூல் ஆடப் போவான். இந்த ஊரில் அவனுக்கு இருந்த ஒரே சிநேகிதம் அதுதான். திடீரென்று மூன்று சனிக்கிழமையாக ரூமிலேயே படுத்துக் கிடந்தான். கேட்டால், "எனக்குக் கை சரியில்லண்ணே. கழி வழுக்கிட்டே போகுது. எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றான். குரல் தழுதழுத்துவிட்டது.

மார்க்கர் அண்ணன் அவன் கையைப் பார்க்கவில்லை. அவன் வழக்கமாக எடுக்கிற க்யூவின் நுனியை வெளிச்சத்தில் காட்டினார். "பாருங்க தம்பி, பாலிஷ் போட்ட ஷூ மாதிரி மின்னுது. ஓரமெல்லாம் காளான் மாதிரி பிதுங்கியிருக்கு. இதை வெச்சு அடிச்சா எனக்கும்தான் வழுக்கும்."

நல்ல டிப்பாக இருந்தாலும், பந்தின் நடுவிலிருந்து ஆரத்தில் பாதி தூரத்தைத் தாண்டி அடித்தால் வழுக்கும். 57 மில்லிமீட்டர் பந்தில் இது சுமார் 14 மில்லிமீட்டர். டிப் வழவழத்துவிட்டால் அதற்கு முன்பே வழுக்க ஆரம்பித்துவிடும். நீலச் சாக்கை எவ்வளவு தேய்த்தாலும் ஒட்டாது. ஒட்டாததுதான் முதல் அறிகுறி.

சரி, இதற்கு என்ன சாமான் வாங்குவது? கடைக்குப் போனால் தலை சுற்றும். நான் பி.காம். படித்தவன். அதில் தேய்மானம் என்றொரு பாடம் உண்டு. டிப் விஷயத்தில் அது அப்படியே பொருந்துகிறது. டிப்பைச் சரிசெய்கிற சாமான்களில் பாதி, டிப்பைத் தின்றுதான் சரிசெய்கின்றன! ஆகவே வாங்குமுன் ஒரே கேள்வி: இது எவ்வளவு தோலைத் தின்னும்?

முதலில் ஷேப்பர். உள்ளே உப்புத்தாள் ஒட்டிய குட்டிக் கிண்ணம். தட்டையான டிப்பை மறுபடி உருண்டையாக்குவது இது. இதன் வளைவுக்கு அமெரிக்கக் காசுகளின் பெயர். நிக்கல் என்றால் 5 சென்ட், குறுக்களவு 21.2 மில்லிமீட்டர். டைம் என்றால் 10 சென்ட், 17.9 மில்லிமீட்டர். (மதிப்பு கூடினால் காசு சின்னதாகிறது. அவர்கள் கணக்கு அப்படி!) 2011 முதல் வந்த நம் ஒரு ரூபாய் சுமார் 22 மில்லிமீட்டர், நிக்கலுக்குச் சித்தப்பா பிள்ளை. டிப்பின் பின்னால் காசைப் பிடித்து இரண்டு வளைவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். புதிதாக ஆடுகிறவர்களுக்கு நிக்கல் போதும். வாங்கும்போது பூலுக்கா ஸ்நூக்கருக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்நூக்கர் டிப் 9, 10 மில்லிமீட்டர்தான். ஷேப்பர் நிறையத் தின்கிற ஆசாமி. உருவம் கெட்டால் மட்டும் கூப்பிட வேண்டும். திருகாணி மாதிரி முறுக்கினால் டிப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். லேசாகத் தேய்த்தால் போதும்.

இரண்டாவது ஸ்கஃபர். வழவழப்பைச் சொரசொரப்பாக்கும். இதுவும் தின்னும், கொஞ்சமாக.

மூன்றாவது டிப் பிக். குட்டிக் குட்டி முட்கள். டிப்பின் மேல் அழுத்தி எடுத்தால் துளைகள் விழும், சாக் பிடித்துக்கொள்ளும். தோல் குறையாது. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இழுத்துக் கீறக்கூடாது. அடுக்கடுக்காக ஒட்டிய டிப்பாக இருந்தால் ஆழக் குத்தவும் கூடாது, அடுக்கு பிரிந்துவிடும்.

நான்காவது பர்னிஷர். பிதுங்கிய ஓரத்தைச் சீவிய பிறகு பக்கவாட்டில் தேய்த்து இறுக்குவதற்கு. இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். பழைய பெல்ட்டில் ஒரு துண்டு போதும்.

இவை எல்லாம் சேர்ந்த ஐந்து-இன்-ஒன் சாமானும் கிடைக்கிறது. சாதாரண டிப்பின் விலைக்கு ஒரு வேளை டிபன் சாப்பிடலாம். அந்தச் சாமானின் விலைக்கு வீட்டோடு போய்ச் சாப்பிடலாம். ஷேப்பர் ஒன்று, டிப் பிக் ஒன்று, பெல்ட் துண்டு. முடிந்தது பட்ஜெட். டிப் ஒரு ரூபாய்க் காசின் கனத்துக்குத் தேய்ந்துவிட்டால் எந்தச் சாமானும் உதவாது. புது டிப்தான்.

மார்க்கர் அண்ணன் அன்று ஓரத்தைச் சீவினார், ஷேப்பரை நாலு தடவை ஓட்டினார், முள்ளால் அழுத்தினார். பத்து நிமிஷம். தம்பி ஆடினான். உடனே எல்லாப் பந்தும் பொந்துக்குள் போய் விழுந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நிறையவே தவறவிட்டான். ஆனால் ஒன்றுகூட வழுக்கவில்லை. "இப்ப போறது என் தப்புண்ணே, கத்துக்கலாம்" என்றான். அடுத்த சனிக்கிழமை ஆபீஸ் கூட்டத்தோடு போய்விட்டு ராத்திரி பத்தரைக்கு விசிலடித்துக்கொண்டே மாடிப்படி ஏறினான். ஹவுஸ் ஓனர் திட்டினார்.

எனவே, அடுத்த தடவை மணிக்கணக்குக்குப் பணம் கட்டுமுன் க்யூவை மேஜையில் உருட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். நுனியையும் பாருங்கள். மின்னினால் மார்க்கரிடம் சொல்லுங்கள், செய்து கொடுப்பார்.

டிப்பைச் சரிசெய்து கொடுத்தவருக்கு டிப்ஸ் கொடுக்க மட்டும் மறந்துவிடாதீர்கள்!