காந்தம் செத்துப் போச்சு தம்பி!

ரொம்ப நாளா இந்தக் கடையைத் திறக்கல மக்களே. ஆணி அதிகம். இ.இ.இ. படிச்சுட்டுப் பொட்டி தட்டற ஆளுங்க நம்ம பதிவர்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. உங்களுக்காகத்தான் இந்தக் கொசுவத்தி.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்துல கரையேறுச்சு. ஏறின கையோட போகாம அங்கேயே உக்காந்துடுச்சு. ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. ஞாயித்துக்கிழமை காலைல மாடியிலேர்ந்து பார்த்தா எங்க ரெயின்போ நகர் தெருவைக் காணோம். கீழ் வீட்டுக்காரர் ஸ்கூட்டர்ல கண்ணாடி மட்டும் தண்ணிக்கு மேல தெரியுது. கரண்ட்டும் கிடையாது.

எங்க ஆயாவுக்கு நுரையீரல் பிரச்னை. வீட்டுலயே ஆக்சிஜன் மெஷின் வெச்சிருக்கோம், அது கரண்ட்ல ஓடறது. இன்வெர்ட்டர் விடியறதுக்குள்ள பீப் பீப்னு கத்திட்டு அடங்கிடுச்சு. கையில ஒரே ஒரு சின்ன சிலிண்டர். மதியம் வரைக்கும் தாங்கும்.

2011 தானே புயலுக்கு அப்புறம் அப்பா ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கி மொட்டைமாடி ஷெட்ல போட்டிருந்தார். கொரோனாவுக்கு முன்னாடி ஓட்டினது. கார்புரேட்டரைக் கழட்டித் துடைச்சு, புது பெட்ரோல் ஊத்தி, கயித்தை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழண்ட நேரத்துல ஸ்டார்ட் ஆச்சு. அப்பாவைப் பெருமையா ஒரு பார்வை பார்த்துட்டு பல்பை மாட்டினேன்.

எரியல.

ஃபாரடே 1831ல கண்டுபிடிச்சதை நாலு வருஷம் எழுதி எழுதிப் பாஸ் பண்ணவன் நான். கம்பிச் சுருளைக் கடந்து போற காந்தப்புலம் மாறினா சுருள்ல மின்னழுத்தம் பிறக்கும். இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்துது, அதாவது நொடிக்கு 50. அதான் நம்ம வீட்டு 50 ஹெர்ட்ஸ். எல்லாம் சரி. மீட்டர் வெச்சா ஒரு வோல்ட் கூட தேறல. பிரேக்கரைப் பார்த்தேன், ஒயரைப் பார்த்தேன், அப்பா என்னையே பார்த்தார்.

பக்கத்து மொட்டைமாடியில ஒரு பெரியவர். ஏ.எஃப்.டி. மில்லுல எலக்ட்ரீஷியனா இருந்தவர். குடையைப் பிடிச்சுக்கிட்டு இவ்ளோ நேரமும் வேடிக்கை பார்த்திட்டிருந்தார்.

"எவ்ளோ வருஷமா ஓட்டல?"

"அஞ்சு வருஷம் இருக்கும் மாமா."

"காந்தம் செத்துப் போச்சு தம்பி. பேட்டரி கொண்டா."

அப்பதான் மண்டையில உறைச்சுது. இந்த மாதிரி ஜெனரேட்டர்ல நிரந்தரக் காந்தம் கிடையாது. சுத்தற இரும்புல மின்காந்தச் சுருள்தான். அதுக்கு வேண்டிய கரண்ட்டை ஜெனரேட்டரே தர்றது. அப்ப முதல் கரண்ட் எங்கேர்ந்து வரும்? போன தடவை ஓடினப்ப இரும்புல ஒட்டிக்கிட்டிருந்த துளியூண்டு காந்தம்தான் ஆரம்பிச்சு வைக்குது. அது கொஞ்சம் கரண்ட் தர, அந்தக் கரண்ட் காந்தத்தை ஏத்த, அப்படியே கிடுகிடுன்னு 230 வோல்ட். 1866ல ஜெர்மனியில சீமென்ஸ் காட்டின வித்தை இது. வருஷக்கணக்கா சும்மா கிடந்ததுல எங்க வீட்டு இரும்பு அதை மறந்துடுச்சு. எனக்குப் பரீட்சையில ரெண்டு மார்க் கேள்வியா வந்தது; நானும்தான் மறந்துட்டேன்.

ஸ்கூட்டர் பேட்டரி எல்லாம் தண்ணிக்கடியில. செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரியையே நானும் அப்பாவும் மூச்சு முட்ட மேல தூக்கிட்டுப் போனோம். ஃபேன் ஓட்டத் துப்பில்லாத பேட்டரிதான். ஆனா இந்த வேலைக்கு ஓரிரண்டு ஆம்பியர், சில நொடிதான் வேணும். கைப்பிடிச்சுவர் மேலேர்ந்து மாமா சொல்லச் சொல்ல, பிரஷ்ஷுக்குப் போற ரெண்டு ஒயரைக் கழட்டி, ப்ளஸ் மைனஸ் பார்த்து, இன்ஜின் ஓடறப்பவே தொட்டேன். மீட்டர் துள்ளுச்சு. நிறுத்தி, ஒயரைப் பழையபடி மாட்டி, மறுபடி கயித்தை இழுத்தா பல்பு எரியுது!

ஆக்சிஜன் மெஷினைப் போட்டதும் இன்ஜின் சத்தம் ஒரு நொடி கம்மி, முக்கி முனகிச்சு. சுருள்ல கரண்ட் ஓட ஆரம்பிச்சா அது சுத்தறதை எதிர்த்துப் பிடிச்சு இழுக்கும், லென்ஸ் விதி. காலேஜ் லேப்ல இதே முனகலைக் கேட்டுக் கொட்டாவி விட்டிருக்கேன். அன்னிக்கு அப்படியே நின்னு கேட்டுட்டிருந்தேன்.

சிலிண்டர் முள் சிவப்புக்கு வந்திருந்தது. ஆயா கண்ணைத் திறந்து, "கரண்ட் வந்துடுச்சா?"ன்னாங்க.

"வந்துடுச்சு ஆயா."

இப்பல்லாம் மாசம் முதல் ஞாயிறு, இஸ்திரிப் பெட்டியை மாட்டிப் பத்து நிமிஷம் ஓட்டறேன். சட்டையும் தேய்ச்ச மாதிரி ஆச்சு :-)

டிஸ்கி: பேட்டரி வைத்தியத்தைத் தெரிஞ்சவங்க பக்கத்துல இல்லாம செய்யாதீங்க. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ள வெச்சு ஓட்டவே ஓட்டாதீங்க, அந்தப் புகை ஆளைக் கொன்னுடும்.