எந்தக் கரைக்கு வரும் படகு

சென்னையில் முப்பது வயதைத் தாண்டிய எல்லோரும் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறோம். புதுசா சின்னதா வாங்குறதா, பழசா பெருசா வாங்குறதா? தி.நகரில் முப்பது வருஷத்துப் பழைய அபார்ட்மெண்டில் மூன்று பெட்ரூம் வீடு ஒன்று கிடைக்கும். அதே பணத்துக்கு ஊருக்கு வெளியே பெயிண்ட் வாசனை போகாத சின்ன வீடு ஒன்று கிடைக்கும். காரிலும் இதே கதைதான். ஷோரூம் வேகன்-ஆரா, ரெண்டு கை மாறிய இன்னோவாவா?

வீட்டு விஷயத்தில் புரோக்கர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "யூ.டி.எஸ். பாருங்க சார்." கட்டடம் பழசாகும், ஆனால் அடியில் இருக்கும் நிலத்தில் நம் பங்குக்கு விலை ஏறிக்கொண்டே போகும். பழைய பெரிய வீட்டின் பலம் அந்த நிலம்தான். எங்கள் வீட்டில் கடந்த ஆண்டு இதே கேள்வி வந்தபோது புரோக்கர் பதில் உதவவில்லை. நாங்கள் வாங்கப்போனது படகு. படகுக்கு அடியில் நிலம் கிடையாது.

நான் ஊரூர் குப்பத்துக்காரன். பெசன்ட் நகரின் வடக்கு ஓரம், அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்கும் உடைஞ்ச பாலத்துக்கும் பக்கத்தில். எங்கள் வீட்டில் முதலில் இன்ஜினியரிங் முடித்தவன் நான். இப்போது தி.நகரில் வாடகை வீடு, ஓ.எம்.ஆரில் வேலை. அண்ணன் அப்பாவோடு பதினாலு வயசில் கடலுக்குப் போக ஆரம்பித்தவர். இப்போது நாற்பத்தி நாலு. அவருடைய ஃபைபர் போட்டின் அடித்தளம் இரண்டு இடத்தில் விரிசல் விட்டு, ஒட்டுப்போட்டு, மறுபடியும் விட்டுவிட்டது. வேற வழியில்லை, வாங்கித்தான் ஆகணும்.

எங்கள் முன்னால் இரண்டு படகுகள். ஒன்று, 24 அடி புது ஃபைபர் போட்டு, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினோடு. இன்னொன்று, காசிமேட்டில் நின்றிருந்த 34 அடி படகு, உள்ளேயே பொருத்திய டீசல் எஞ்சின், ஐஸ் பெட்டி, பழைய வலைகள் எல்லாம் சேர்த்து. பத்து வருஷம் ஓடியது. விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று. அந்தப் பணத்தில் பாதி என்னுடையது. வீட்டு அட்வான்ஸுக்கு என்று நானும் மனைவியும் நாலு வருஷமாகச் சேர்த்தது.

அண்ணனுக்குப் பெரியதில்தான் கண். காரணம் பேராசை இல்லை. "கிட்ட மீன் இல்லடா. முன்னாடி மாதிரி இங்கயே வலை விட்டுட்டு வர முடியாது. தூரம் போணும். அம்மாந்தூரம் இந்தத் துண்டு போட்டை எட்த்துனு போனா, வாடை காத்துல மாட்னா இன்னா பண்றது?" நியாயமான கேள்வி. ஐப்பசி, கார்த்திகையில் கடல் எப்படி மாறும் என்பது கரையில் நிற்பவனுக்கே தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் காசிமேட்டுக்குப் போனோம். அண்ணன் படகைப் பார்த்த விதத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து உடம்பெல்லாம் தட்டிக்கொண்டே போனார். ஃபைபர் என்பது கண்ணாடி இழைப் பாயை ரெசினில் தோய்த்து, அடுக்கடுக்காகப் போட்டு இறுக விடுவது. அடுக்குகள் ஒட்டி இருந்தால் நாணயம் 'டிங்' என்கும். உள்ளே பிரிந்திருந்தால் 'டொக்' என்கும். மேலே பூசிய பெயிண்ட் கண்ணை ஏமாற்றும், காதை ஏமாற்றாது. முன்பக்கம் முழுக்க டிங். பின்பலகையில் மூன்று இடத்தில் டொக். அங்கே ஃபைபருக்கு நடுவில் பிளைவுட் இருக்கும். ஒரு ஆணி ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்தாலும் அது உள்ளுக்குள் ஊறும். மிதப்பதற்காக அடைத்த ஃபோமும் அப்படித்தான். வருஷக்கணக்கில் தண்ணீர் குடித்த படகு, வாங்கின அன்றைக்கு இருந்ததைவிடக் கனமாக இருக்கும்.

"சரி பண்ணிக்கலாம்" என்றார் அண்ணன். அதுவும் உண்மை. ஃபைபரில் சரி பண்ண முடியாதது குறைவு. செலவையும் நாளையும் கணக்கில் சேர்த்தால் போதும்.

அன்று இரவு எக்ஸெல்லைத் திறந்தேன். அதுதானே எனக்குத் தெரிந்த வலை. 24க்கும் 34க்கும் வித்தியாசம் பத்து அடிதான் என்று தோன்றும். ஆனால் அதே வடிவத்தை நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் பெருக்கினால் கன அளவு கிட்டத்தட்ட 2.8 மடங்கு. அந்த அளவுக்கு மீன் கொள்ளும், அந்த அளவுக்குப் பாரமும் ஏறும். வேகம் அப்படி ஏறாது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34ஆல் பெருக்கினால் எத்தனை நாட் என்று வரும். சின்னதுக்கு ஆறேகால், பெரியதுக்கு ஏழேகால். ஒரு நாட் லாபம். அதைத் தாண்டி விரட்டினால் டீசல்தான் எரியும்.

ஷீட்டில் பெரிய படகு ஜெயித்தது. ஒரு நடைக்கு எவ்வளவு மீன், எத்தனை நாள் கடலில் நிற்கலாம் என்று போட்டால் வேறு விடை வராது. ஆனால் அந்தக் கட்டங்கள் எல்லாம் கடலில் நடப்பவை. படகு கரைக்கு வந்தபிறகு நடப்பதற்கு நான் இன்னும் கட்டம் போடவில்லை.

இந்த ஊரின் வரலாற்றில் படகைத் தேர்ந்தெடுத்தது எப்போதும் கரைதான். செயற்கைத் துறைமுகம் வருவதற்கு முன்னால் மதராஸுக்கு வந்த கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆட்களையும் சரக்கையும் அலையைக் கடந்து கொண்டுவந்தவை மசூலா படகுகள். ஆணியே இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியவை. கரையில் மோதும்போது உடம்பு வளைந்துகொடுக்கும். விறைப்பான ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் சிதறிப்போகும். கட்டுமரம் இன்னும் எளிது. வந்த தண்ணீர் கட்டைகளுக்கு நடுவில் வழிந்துவிடும், இறைக்க வேண்டாம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டை கட்டையாகத் தூக்கிக்கொண்டு போய்க் காயவைக்கலாம். மதராஸ் மாகாணத்தில் மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றிய தன் ஆய்வை 1920இல் வெளியிட்டார். அவர் போன்றவர்கள் இதையெல்லாம் எழுதி வைத்தார்கள். எங்கள் தாத்தா அதைப் படித்திருக்க மாட்டார், ஆனால் அவர் தள்ளியதும் அதே மரம்தான்.

1979இல் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டமும் இதே பிரச்சினையில்தான் இறங்கியது. அதன் வாரிசு அமைப்பு இன்றும் அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் ரோட்டில், மயிலாப்பூரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. எஞ்சின் வேண்டும், ஆனால் துறைமுகம் இல்லாத மணல் கரையில் ஏற வேண்டும். எண்பதுகளில் அவர்கள் சோதித்த கரையேறும் படகுகளில் எஞ்சினையும் தண்டையும் சேர்த்தே சாய்த்து, அலைக்குள் வரும்போது ப்ரொப்பெல்லரை மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்பு இருந்தது. பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் போட்டுகள் வந்து குவிந்தன. கட்டுமரங்கள் கரையிலிருந்து மெல்லக் காணாமல் போயின. எங்கள் வீட்டு மரமும் அப்போது போனதுதான்.

எங்கள் கரையில் துறைமுகம் கிடையாது. 24 அடிப் படகை நாலு பேர் உருளை வைத்துத் தள்ளி ஏற்றிவிடலாம். புயல் எச்சரிக்கை வந்தால் ரோடு வரைக்கும் இழுத்துவிடலாம். 34 அடியை டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும். இல்லையென்றால் காசிமேட்டிலேயே நிறுத்த வேண்டும். குப்பத்திலிருந்து காசிமேடு பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். அண்ணன் தினமும் இரவு ஒரு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

அடுத்தது ஆள். சின்னதுக்கு மூன்று பேர் போதும், பெரியதுக்கு ஆறு பேர் வேண்டும். எங்கள் தொழிலில் சம்பளம் கிடையாது, பங்குதான். எரிபொருள், ஐஸ் செலவு போக மிச்சத்தில் ஆட்களுக்கு, படகுக்கு, வலைக்கு என்று பிரியும். விகிதம் ஊருக்கு ஊர் மாறும். பாடு நன்றாக இருந்தால் ஆறு பேரும் சிரிப்பார்கள். ஒரு வாரம் மீன் இல்லையென்றால் ஆட்கள் வேறு படகுக்குப் போய்விடுவார்கள், முன்பணம் கொடுத்துத்தான் பிடித்து வைக்க வேண்டும். அந்த முன்பணத்துக்கு வியாபாரியிடம் போக வேண்டும். வியாபாரி பணத்துக்கு வட்டி கேட்பதைவிட மீனைக் கேட்பார். இனி பிடிக்கிறதெல்லாம் என் ஏலத்துக்குத்தான் வரணும் என்பார்.

அப்பா காலத்தில் ஆள் கணக்கே வேறு. அவர், சித்தப்பா, அண்ணன். நான் படிக்காமல் இருந்திருந்தால் நாலாவது ஆள். குப்பத்தில் என் வயசுக்காரர்களில் பாதிப் பேர் இப்போது கடலில் இல்லை. டெலிவரி, டிரைவர், ஐ.டி., ஏர்போர்ட். யாரையும் குறை சொல்வதற்கில்லை. அப்பாவே என்னைக் கடலுக்குள் விடாமல் கல்லூரிக்கு விரட்டினார். ஆனால் ஷீட்டில் 'ஆட்கள்: 6' என்று டைப் பண்ணியபோது, அதில் ஒரு இடம் நான் என்று தெரிந்தது. பாதிப் பணம் நான் தருகிறேன். தள்ளுவதற்கான கையைத் தர முடியாது. இரண்டும் ஒன்றில்லை என்று அண்ணன் ஒருநாளும் சொன்னதில்லை.

கடைசியாகப் பேசியது அண்ணி. அண்ணிக்குப் பிறந்த வீடு நொச்சிக்குப்பம். அவருடைய அம்மா லூப் ரோட்டில் மீன் விற்றவர். 2023இல் அந்த ரோட்டோரக் கடைகளை எடுக்கச் சொன்னபோது நடந்த சண்டையும், 2024இல் மாநகராட்சி கட்டிய மீன் மார்க்கெட் திறந்ததும் அண்ணிக்குச் செய்தி இல்லை, வீட்டு விஷயம். விற்கிற இடம் பத்தடி நகர்ந்தால் வியாபாரம் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவர். நாங்கள் இரண்டு பேரும் டீசல் பேசிக்கொண்டிருந்தபோது சாதாரணமாகக் கேட்டார்.

"அந்தப் பெரிய போட்டு எந்தக் கரைக்கு வரும்?"

"காசிமேட்டுக்கு" என்றார் அண்ணன்.

"அப்போ நான் இன்னாத்த விக்கறது?"

யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் கரையில் காலை ஏழு மணிக்குப் படகு ஏறுகிறது. ஏழே காலுக்கு மீன் அண்ணியின் கூடையில். எட்டரைக்குள் அடையாறு, சாஸ்திரி நகர் வீடுகளில். வாடிக்கையாளர்கள் அண்ணியின் போனுக்கு "இன்னைக்கி சங்கரா இருக்கா?" என்று மெசேஜ் போடுகிறார்கள். ஐஸ் படாத மீன், இடையில் யாரும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை இருக்கும்போது அண்ணியின் கூடை மதியம் வரைக்கும்கூடத் தாங்காது. அண்ணன் பிடிக்கும் மீனை அண்ணி விற்கும்போது வீட்டுக்கு வருவதும், அதே மீன் காசிமேட்டு ஏலத்தில் போனால் வருவதும் ஒன்றில்லை. பெரிய படகு அதிக மீன் கொண்டுவரும். ஆனால் அண்ணியிடம் கொண்டுவராது.

"தம்பி, அந்தக் கம்ப்யூட்டர்ல என் கூடையும் போட்டியா?" என்றார் அண்ணி.

போட்டேன். கூடை ஒரு வரிசை, டிராக்டர் வாடகை ஒரு வரிசை, முன்பணம் ஒரு வரிசை. பெரிய படகின் லாபம் மறையவில்லை, சுருங்கியது. நல்ல மாதங்களில் அதுவே மேல். கெட்ட மாதங்களில் சின்னது பிழைத்துக்கொள்ளும், பெரியது கடனில் நிற்கும். நாணயத்தின் 'டொக்' சத்தத்துக்குப் போட்ட ரிப்பேர் செலவு இதற்கெல்லாம் முன்னால் ஒன்றுமே இல்லை. பழசு என்பதற்காக நாங்கள் அதை விடவில்லை. அது வேறு ஒரு குடும்பத்துக்குச் சரியான படகு. மூன்று பையன்களும் கடலில் இருக்கிற, கரை காசிமேட்டிலேயே இருக்கிற குடும்பத்துக்கு.

24 அடியை வாங்கினோம். இதில் அண்ணனுக்கு ஒரு நஷ்டம் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. தூரத்து மீன் அவருக்கு இனி இல்லை. கிட்டத்து மீன் குறைந்துகொண்டே போனால் இந்த முடிவு எத்தனை வருஷம் தாங்கும் என்று என்னிடம் சூத்திரம் கிடையாது. பெரிய படகின் முன்பக்கம் ஏறி நின்றபோது அவர் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு தலைமுறையில் ஒருமுறை தோன்றும் ஆசை அது. அதை அண்ணியின் ஒரு கேள்விக்காக மடித்து வைத்தார், சத்தம் போடாமல்.

எங்கள் வீட்டு அட்வான்ஸ் ஒன்றரை வருஷம் தள்ளிப்போயிருக்கிறது. மனைவி கணக்குப் பார்த்துவிட்டு, "மாசாமாசம் மீனா வாங்கிக்கலாம்" என்றாள். அது பாதி விளையாட்டு. எஞ்சின் என் பேரில், உடம்பு அண்ணன் பேரில் என்று பஞ்சாயத்தில் சொல்லியாயிற்று. எஞ்சினுக்கு உண்டான பங்கை வேண்டாம் என்றேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "தொழில்ல பங்கு பங்குதான்" என்றார். "வேணும்னா ஞாயித்துக்கெழமை வந்து தள்ளு. ஒரு ஆளு கொறையுது."

போகிறேன். ஆறரைக்குக் கரையில் நிற்க வேண்டும்.